சாக்கடை வளர்த்த பண்ணை

வெள்ளைக்காரர்கள் வேண்டாமென்று தள்ளியதை உள்ளூர்க்காரர்கள் மீனாகவும் காய்கறியாகவும் மாற்றினார்கள். கொல்கத்தாவின் கிழக்கே உள்ள அந்த நிலத்தை இன்று சட்டம் காக்கிறது. அங்கே உழைப்பவர்களின் தொழிலை யார் காப்பது?

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் சயின்ஸ் சிட்டியைத் தாண்டியதும் பாசந்தி நெடுஞ்சாலை தொடங்குகிறது. சாலையை ஒட்டியே ஒரு கால்வாய் கூட வருகிறது. கறுத்த தண்ணீர், சென்னைவாசிகளுக்குக் கூவத்தை நினைவூட்டும் நெடி. ஆனால் கூவக்கரையில் பார்க்க முடியாத ஒன்று இங்கே நடக்கிறது. சின்னச் சின்ன மதகுகள் வழியாக அந்தத் தண்ணீர் பரந்த குளங்களுக்குள் திருப்பிவிடப்படுகிறது. சில வாரங்களில் கறுப்பு பச்சையாகிவிடுகிறது. அந்தப் பச்சைத் தண்ணீரில் வலை விழுகிறது. பொழுது விடிவதற்குள் ரோகுவும் கட்லாவும் அலுமினியப் பானைகளில் உயிரோடு துள்ளியபடி ஏலச் சந்தைக்குப் போய்விடுகின்றன.

மீனும் சோறும் சேர்ந்தால்தான் வங்காளி என்பார்கள். அந்த மீனில் ஒரு கணிசமான பங்கு நகரத்தின் கழிவறைகளிலிருந்தும் சமையலறைகளிலிருந்தும் வெளியேறிய தண்ணீரில் வளர்ந்தது. லேக் மார்க்கெட்டில் தமிழ்க் குடும்பங்கள் பேரம் பேசி வாங்கும் காலிஃபிளவரும் கீரைக்கட்டும்கூட, நகரத்தின் குப்பைமேட்டை ஒட்டிய தாப்பா வயல்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

கிழக்கு கொல்கத்தா ஈரநிலம் என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பரப்பு 12,500 ஹெக்டேர். இதில் ஏறத்தாழ 5,850 ஹெக்டேர் நீர்நிலை, 4,700 ஹெக்டேர் நெல் வயல், 600 ஹெக்டேர் குப்பை மண்ணில் காய்கறி, மீதி ஊர்கள். ஒரு நாளைக்கு 150 டன் காய்கறியும் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீனும் கிடைப்பதாக மதிப்பிடப்படுகிறது. இதற்கெல்லாம் மேலாக, சுமார் 45 லட்சம் பேர் வாழும் ஒரு மாநகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி, சுத்திகரிப்பு ஆலை இல்லாமலேயே இங்கே சுத்தமாகிறது. சூரியன், பாசி, பாக்டீரியா, மீன் என்று நான்கு கூலியில்லாத வேலைக்காரர்கள் இங்கே உண்டு. அவர்களை வேலை வாங்கத் தெரிந்த மனிதர்கள் ஐந்தாவது.

இப்படியொரு பண்ணையை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை என்பதுதான் விசேஷம். ஆங்கிலேய இன்ஜினீயர்களின் வரைபடத்தில் இது கழிவைக் கொட்டும் இடம். இதை வயலாக்கியவர்கள் குத்தகைதாரர்களும் விவசாயிகளும் மீனவர்களும்.

கிழக்கு வாசல்

1690-ல் ஜாப் சார்னாக் ஹூக்ளியின் கிழக்குக் கரையில் வந்து இறங்கியபோது சுதானுதி, காலிகாதா, கோவிந்தபூர் என்று மூன்று கிராமங்கள் அங்கே இருந்தன. ஆற்றை ஒட்டிய கரை மேடு. அங்கிருந்து கிழக்கே போகப் போக நிலம் சரிந்துகொண்டே போய் உப்பு ஏரிகளில் முடிந்தது. வங்கக் கடலின் ஓதம் பித்யாதரி ஆற்றின் வழியே இந்த ஏரிகளுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உவர்நீர் மீனும் இறாலும் இங்கே ஏராளம். மீன்பிடிச் சாதியினர் தலைமுறை தலைமுறையாக இதை நம்பி வாழ்ந்தார்கள். பின்னாளில் காடு திருத்தும் வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து ஆதிவாசிகளும் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களின் சந்ததியினர் இன்றும் இங்கே குளக்கரைகளில் வேலை செய்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களின் கண்ணுக்கு ஏரி வேறு விதமாகத் தெரிந்தது. அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் 1727-ல் வெளியிட்ட தன் பயண நூலில் இந்த ஏரியைத் திட்டித் தீர்த்தார். மழைக்காலத்தில் ஏரி பெருகி மீன்கள் வந்து குவிகின்றன, வெள்ளம் வடிந்ததும் அவை செத்து நாறுகின்றன, அந்தக் காற்றுதான் கல்கத்தாவில் ஆண்டுதோறும் ஆட்களைக் கொல்கிறது என்பது அவர் வாதம். கொசுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்க இன்னும் 170 ஆண்டுகள் இருந்தன. அதுவரை கிழக்குக் காற்று என்றாலே ஐரோப்பியர்களுக்குக் காய்ச்சல் பயம்.

ஆனால் வியாபாரத்துக்கு அந்தக் கிழக்கு வேண்டியிருந்தது. கீழை வங்காளத்தின் அரிசியும் சணலும், சுந்தரவனத்தின் மரமும் தேனும் படகுகளில் பித்யாதரி வழியாக உப்பு ஏரியைக் கடந்துதான் கல்கத்தாவுக்கு வந்தன. இன்றைய பௌபஜார் தெரு நகரத்திலிருந்து அந்தப் படகுத் துறைகளை நோக்கிப் போன பழைய கிழக்குப் பாதை. பாதையில் பைட்டக்கானா என்ற இடத்தில் ஒரு பெரிய ஆலமரம். வியாபாரிகள் அதன் நிழலில் கூடி இளைப்பாறிப் பேரம் பேசுவார்கள். சார்னாக்கே அங்கே உட்கார்ந்து ஹூக்கா புகைத்தார் என்று ஒரு கதையும் உண்டு.

கும்பெனி ஆட்சி நிலைத்ததும் இந்தத் தடம் கால்வாய்களாக மாறியது. 1770-களில் மேஜர் டாலி, வற்றிக்கிடந்த ஆதிகங்கையின் தடத்தைத் தோண்டிக் கிழக்கு ஆறுகளோடு இணைத்தார். அவர் பெயரில்தான் டாலிகஞ்ச். அடுத்த நூற்றாண்டில் பேலியாகாட்டா கால்வாய், நகரைச் சுற்றி வரும் சர்க்குலர் கால்வாய், 1859-ல் நியூ கட் கால்வாய், 1910-ல் கிருஷ்ணபூர் கால்வாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெட்டினார்கள். ஒவ்வொரு வெட்டும் படகுக்கு வழி விட்டது. ஆனால் ஆற்றுக்கு ஆபத்தை விதைத்தது. அது தெரியவர நாளாயிற்று.

கிளார்க்கின் குழாய்

கல்கத்தாவின் அழுக்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நூறு ஆண்டுகள் கும்பெனி அதிகாரிகளைக் குடைந்த கேள்வி இது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1803-ல் எழுதிய புகழ்பெற்ற குறிப்பிலேயே நகரத்தின் வடிகால்கள் படுமோசம் என்று குறைபட்டிருந்தார். பக்கத்திலேயே ஹூக்ளி ஓடினாலும் நிலத்தின் சரிவு அதற்கு எதிர்த்திசையில். தண்ணீர் தானாகவே ஓடும் திசை கிழக்கு.

அந்தச் சரிவைப் பயன்படுத்தியவர் வில்லியம் கிளார்க். நகரசபையின் இன்ஜினீயரான அவர் 1855-ல் நிலத்தடிச் சாக்கடைத் திட்டத்தைக் கொடுத்தார். மழைநீரும் கழிவுநீரும் ஒரே செங்கல் சுரங்கத்தில் கிழக்கே ஓடி உப்பு ஏரிப்பக்கம் போய்ச் சேர வேண்டும். 1859-ல் தொடங்கிய வேலை 1875 வரை நடந்தது. ஆள் நடந்துபோகும் அளவுக்கு உயரமான அந்தச் செங்கல் சாக்கடைகளில் பல இன்றும் வேலை செய்கின்றன.

தண்ணீருக்குக் கிழக்கு என்றால் குப்பைக்கும் கிழக்குதான். 1860-களில் நகரசபை தாப்பாவில் ஒரு சதுர மைல் நிலத்தை வாங்கியது. அந்த இடத்துக்கு ‘ஸ்கொயர் மைல்’ என்றே பெயர் வந்தது. நகரத்துக் குப்பையை அள்ளிக்கொண்டு போகத் தனியாக ஒரு ரயில் பாதையே போடப்பட்டது. திட்டம் அத்தோடு முடிந்தது. குப்பை போய்ச் சேர்ந்த பிறகு என்னவாகும் என்பது பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

பவநாத் சென் உடைத்துக்கொண்டார். 1880 வாக்கில் அவர் அந்தக் குப்பைமேட்டைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட ஏற்பாடு செய்தார். அன்றைய குப்பையில் பிளாஸ்டிக் கிடையாது. காய்கறித் தோல், சாம்பல், வைக்கோல், மாட்டுச் சாணம் இவைதான். மக்கினால் முதல் தர எரு. மேட்டில் பாத்தி, இரண்டு மேட்டுக்கும் நடுவில் நீளமான குளம், குளத்தில் தேங்கும் கழிவுநீரைக் கையால் இறைத்துப் பாய்ச்சல். விவசாயிகள் உருவாக்கிய இந்த முறை தாப்பாவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கத்தரி, முள்ளங்கி, பூசணி, மக்காச்சோளம், கீரை என்று பருவத்துக்கு ஒன்று. உரக்கடைக்குப் போகும் செலவு மிச்சம்.

ஆறு செத்த பிறகு

குப்பைக்கு ஒரு பவநாத் சென் கிடைத்தார். கழிவுநீருக்கு ஆள் கிடைக்க இன்னும் ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முதலில் ஓர் ஆறு சாக வேண்டியிருந்தது.

பித்யாதரி உயிரோடு இருந்தது ஓதத்தால். கடல் ஏறும்போது உப்பு ஏரிகளில் பரவும் தண்ணீர், இறங்கும்போது ஆற்றின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். தினமும் இரண்டு முறை நடக்கும் இந்தச் சுத்திகரிப்புதான் ஆற்றைத் தூர் வாரியது. கால்வாய்கள் வெட்டப்பட்டன. கரைகள் எழுந்தன. ஏரியின் விளிம்புகள் வயலாக்கப்பட்டன. ஓதத்துக்குப் பரவ இடம் குறையக் குறைய அதன் வேகமும் குறைந்தது. மேலேயிருந்து மாநகரத்தின் கசடு வேறு வந்து படிந்தது. கடைசியில் 1928-ல் பித்யாதரி செத்த ஆறு என்று அரசாங்கமே அறிவித்தது.

உவர்நீர் மீன் வளர்ப்புக்கு அது சாவுமணி. கடல்நீர் வராத குளத்தில் கொடுவா ஏது, இறால் ஏது? குளங்களின் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரே தண்ணீர் சாக்கடை. அதைத் துணிந்து பெரிய அளவில் குளத்துக்குள் விட்டு நன்னீர் மீன் வளர்த்துக் காட்டியவர் என்று விது பூஷண் சர்க்காரின் பெயர் பதிவாகியிருக்கிறது. ஆண்டு 1929. நேராக விட்டால் மீன் செத்துவிடும். அளவோடு விட்டு, காத்திருந்து, பிறகு மீன் விட்டால் தீனியே போடாமல் கொழுக்கும். இந்த ரகசியம் பிடிபட்டதும் பக்கத்துக் குளங்களுக்கும் பரவியது. கரை என்று பொருள்படும் ‘பேரி’ என்ற சொல், கரை கட்டிய மீன்குளத்துக்கே பெயராயிற்று.

ஆறு செத்ததால் மாநகராட்சிக்கும் தலைவலி. கழிவுநீர் போக வழியில்லை. அப்போது தலைமை இன்ஜினீயராக இருந்த பி.என். டே, இன்னும் கிழக்கே உள்ள குல்ட்டி ஆறு வரை இரண்டு கால்வாய்களை நீட்டும் திட்டத்தைத் தீட்டினார். ஒன்று சாதாரண நாட்களின் கழிவுநீருக்கு, இன்னொன்று மழைவெள்ளத்துக்கு. 1940-களில் அது நடைமுறைக்கு வந்தது. வழியில் உள்ள பேரிகளுக்கு இறைக்காமலே தண்ணீர் ஏறும்படி கால்வாயின் மட்டம் அமைந்தது பெரிய அதிர்ஷ்டம். மீன் வளர்ப்பு மளமளவென்று பெருகியது. இன்றைய பாசந்தி சாலையின் பக்கத்தில் கூடவே வருபவை இந்தக் கால்வாய்கள்தான். அரிசிப் படகு வந்த பழைய கிழக்குத் தடத்தில் இப்போது போவது சாக்கடை, வருவது மீன்.

சாக்கடை சுத்தமாகும் விதம்

பேரியில் வேலை குளிர்காலத்தில் தொடங்குகிறது. குளத்தை வற்றவிட்டு அடிமண்ணை வெயிலில் காயப்போடுகிறார்கள். உழுது, சுண்ணாம்பு போட்டு, கரையை ஒட்டிய பள்ளங்களில் சேர்ந்த வண்டலை அள்ளி வரப்பைப் பலப்படுத்துகிறார்கள். பிறகு மதகைத் திறக்கிறார்கள். வாயில் மூங்கில் தட்டி போட்டிருப்பதால் குப்பைகூளம் வெளியிலேயே நின்றுவிடும்.

குளத்தின் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. இதில்தான் சூட்சுமம். ஆழமில்லாத தண்ணீரில் வெயில் அடிவரை இறங்குகிறது. வெயிலில் பாசி பெருகுகிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது. சிதைந்த சத்தைத் தின்று மேலும் பாசி. மூன்று நான்கு வாரம் இப்படி வெயிலில் கிடக்கும் தண்ணீரில் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி மடிந்துவிடுகிறது.

உலகெங்கும் கழிவுநீர்க் குளங்கள் அமைக்கும் இன்ஜினீயர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். பாசி அளவுமீறிப் பெருகினால் தண்ணீர் மறுபடி கெட்டுப்போகும். அதை எடுக்கச் செலவாகும். கொல்கத்தாவில் அந்த வேலையை மீன் பார்த்துக்கொள்கிறது, அதற்குக் கூலியாகத் தானும் கொழுக்கிறது. கரையோரம் வேலி போல மிதக்கும் ஆகாயத்தாமரை, அலை மண்ணை அரிக்காமல் தடுக்கிறது. வெயிலில் மீனுக்கு நிழலும் தருகிறது. மற்ற ஊர்களில் அது ஏரியைக் கொல்லும் களை. இங்கே மூங்கில் கழிகளுக்கு நடுவில் கட்டிவைத்து வேலை வாங்குகிறார்கள். மீன்குளத்திலிருந்து வடியும் தண்ணீர் அடுத்து நெல் வயலுக்குப் போகிறது.

கேட்க எளிமை. ஆனால் எப்போது மதகைத் திறப்பது, எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்பது கையேடு எதிலும் இல்லை. தண்ணீரின் நிறத்தையும் வாசனையையும் வைத்து, சில சமயம் நாக்கில் வைத்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள் அனுபவசாலிகள். மேகமூட்டமான நாளில் கூடுதலாகச் சாக்கடை விட்டால் இரவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். ஒரு ராத்திரித் தவறு ஒரு பருவத்து முதலையே விழுங்கிவிடும்.

பெயர் வைத்த இன்ஜினீயர்

இத்தனை நடந்தும் அரசாங்கத்தின் கோப்புகளில் இது வெறும் பள்ளக்காடு. நகரம் வளர இடம் வேண்டுமென்றபோது எல்லோர் பார்வையும் இந்தப் பக்கம்தான் திரும்பியது. தேசப் பிரிவினைக்குப் பின் அகதிகளால் திணறிய கல்கத்தாவுக்கு ஒரு துணைநகரம் தேவை என்று முதலமைச்சர் பிதான் சந்திர ராய் நினைத்தது நியாயமே. உப்பு ஏரியின் வடபகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1962-ல் யுகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் அடிமண்ணைக் குழாய் வழியே கொண்டுவந்து மீன்குளங்களை நிரப்பத் தொடங்கியது. இன்றைய சால்ட் லேக், அதாவது பிதான்நகர், அப்படிப் பிறந்தது. பெயரில் மட்டும் ஏரி மிஞ்சியது. அடுத்து கஸ்பா, பாட்டுலி குடியிருப்புகள், கிழக்கு பைபாஸ் சாலை என்று தெற்கேயும் நிலம் சுருங்கியது.

பேரிகளுக்குள்ளேயும் அமைதி இல்லை. 1953-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது மீன்குளங்களுக்கு விலக்கு கிடைத்தது. நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள வயலைக் குளமாக்கிய முதலாளிகள் உண்டு. 1967-க்குப் பின் இடதுசாரி விவசாய இயக்கம் சூடுபிடித்தபோது, குளத்தை வற்றவைத்து நெல் விதைத்த சம்பவங்களும் நடந்தன. உரிமைக்காக நடந்த அடிதடியில் மீனும் அடிபட்டது.

இந்தச் சமயத்தில்தான் துருபஜோதி கோஷ் வந்தார். மேற்கு வங்க அரசின் இன்ஜினீயர். 1980-களின் தொடக்கத்தில் அவரிடம் வந்த கேள்வி சாதாரணமானது: கல்கத்தாவின் கழிவுநீர் கடைசியில் எங்கே போகிறது, என்ன ஆகிறது? விடை தேடிக் கால்வாயைப் பின்தொடர்ந்து போனவர், சாக்கடை முடியும் இடத்தில் ஒரு பண்ணை இருப்பதைக் கண்டார். படித்த இன்ஜினீயர்கள் கோடிகள் செலவழித்துச் செய்வதை, எழுதப் படிக்கத் தெரியாத மீன் தொழிலாளர்கள் லாபத்தோடு செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியை வரைபடத்தில் குறித்து, கிழக்கு கல்கத்தா ஈரநிலம் என்று பெயரிட்டவர் அவர்தான். 1990-ல் அவருக்கு ஐ.நா.வின் குளோபல் 500 விருது கிடைத்தது. மீனவர்கள்தான் தன் ஆசிரியர்கள் என்று 2018-ல் இறக்கும் வரை அவர் சொல்லிவந்தார்.

பெயர் கிடைத்ததும் வழக்குத் தொடர வழி கிடைத்தது. ஈரநிலத்தில் உலக வர்த்தக மையம் எழுப்பும் யோசனை கிளம்பியபோது, ‘பப்ளிக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கோஷின் வரைபடம்தான் வழக்கின் முதுகெலும்பு. 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்பளித்தார். நிலத்தை நிரப்பக்கூடாது, பயன்பாட்டை மாற்றக்கூடாது. வளர்ச்சியா, சுற்றுச்சூழலா என்ற வாதத்தில் இந்திய நீதிமன்றம் ஒன்று ஈரநிலத்தின் பக்கம் உறுதியாக நின்ற முன்னோடித் தீர்ப்புகளில் இது ஒன்று. 2002-ல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. 2006-ல் மாநில அரசு தனிச் சட்டம் போட்டு ஒரு ஆணையத்தையும் அமைத்தது.

காகிதத்தில் பத்திரம்

அப்படியானால் பண்ணை பிழைத்துவிட்டதா? வரைபடத்தில் பிழைத்திருக்கிறது. தரையில் நிலைமை வேறு.

முதலாவது, நிலத்தின் விலை. ஒரு பக்கம் சால்ட் லேக்கின் ஐ.டி. கட்டடங்கள், இன்னொரு பக்கம் பைபாஸின் ஆஸ்பத்திரிகளும் அடுக்கு மாடிகளும். இரண்டுக்கும் நடுவில் மீன் வளர்க்கும் குளம் ரியல் எஸ்டேட்காரர்களின் கண்ணை உறுத்துகிறது. லாரி லாரியாக மண் கொட்டுவதற்கு ஒரு இரவு போதும். மேலே சுவர் எழும்பிவிட்டால் இடிப்பதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அத்துமீறல்கள் குறித்த வழக்குகளில் உயர் நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டும் கட்டடங்கள் அகலவில்லை என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது, தண்ணீர். பேரிக்குச் சாக்கடை ஏற வேண்டுமானால் பன்தலா மதகில் நீர்மட்டம் உயரமாக நிற்க வேண்டும். நகரத்தில் மழைநீர் வடிய வேண்டுமானால் அதே மட்டம் தாழ வேண்டும். கால்வாய்கள் தூர்ந்துபோக, இந்த இழுபறியில் பல குளங்களுக்குப் போதிய கழிவுநீர் வருவதில்லை. உலகம் முழுவதும் சாக்கடை வேண்டாமென்று போராடுவார்கள். இங்கே சாக்கடை போதவில்லை என்று முறையிடுகிறார்கள். குளத்தடியில் வண்டல் ஏற ஏற ஆழமும் குறைகிறது.

மூன்றாவது, கழிவின் குணம் மாறிவிட்டது. தாப்பாவில் இப்போது கொட்டப்படுவது பவநாத் சென் பார்த்த குப்பை அல்ல. பிளாஸ்டிக், பேட்டரி, ரசாயனம் எல்லாம் கலந்த மலை அது. அதில் மக்கும் எரு எங்கே? கழிவுநீரிலும் ஆலைகளின் உலோகக் கசடு கலக்கிறது. 1996-ல், வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் குறித்த தீர்ப்பு வந்த அதே ஆண்டில், டாங்க்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோல் பட்டறைகளை நகரத்துக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற்று இடமாக வந்தது ஈரநிலத்தின் வாசலில் உள்ள பன்தலா. குளம் மலத்தை மீனாக்கும். குரோமியத்தையும் ஈயத்தையும் மீனாக்க அதற்குத் தெரியாது. மீனிலும் காய்கறியிலும் உலோகம் எவ்வளவு சேர்கிறது என்பதை அறிவியலாளர்கள் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அந்த அளவு ஏறினால் வாங்குபவர் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் பண்ணையும் போகும்.

நான்காவது, ஆட்கள். இந்த ஈரநிலத்தை நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஆனால் பல பேரிகளில் நிலம் ஒருவருடையது, குத்தகை இன்னொருவருடையது, உழைப்பு மூன்றாமவருடையது. இரவு முழுவதும் குளத்தில் நிற்கும் தொழிலாளியின் மகனுக்கு, பைபாஸ் பக்கம் காவலாளி வேலையோ டெலிவரி வேலையோ கிடைத்தால் அதுவே மேல் என்று தோன்றுவதில் வியப்பில்லை. தண்ணீரை முகர்ந்து மதகைத் திறக்கும் கலை அப்பனோடு போய்விடும்.

சட்டம் நிலப் பயன்பாட்டை மாற்றக்கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் குளத்தை யாரும் நிரப்ப வேண்டியதில்லை. தண்ணீர் விடாமல், தூர் வாராமல், ஆளில்லாமல் விட்டுவிட்டால் போதும். தானாகவே மேடாகிவிடும். பிறகு, மீன் இல்லாத இடத்தைக் காத்து என்ன பயன் என்று யாராவது கேட்பார்கள்.

பள்ளிக்கரணையைப் பார்த்த தமிழர்களுக்கு இந்தப் பயம் புரியும். சென்னையின் தெற்கே மழைவெள்ளத்தை வாங்கி வைத்திருந்த அந்தச் சதுப்புநிலம், ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக்கும் மறுபக்கம் கட்டடங்களுக்கும் பலியாகிச் சுருங்கியது. மிஞ்சிய பகுதிக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. சென்னை குப்பையைக் கொட்டியதோடு நின்றுவிட்டது. கல்கத்தாவும் கொட்டியது. ஆனால் கொட்டிய இடத்தில் உழ ஆள் இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

குப்பையில் கிடந்தாலும் குந்துமணி நிறம் மாறாது என்பார்கள். தாப்பாவின் விவசாயிகளும் பேரித் தொழிலாளர்களும் அப்படித்தான் நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். இப்போது அவர்கள் கேட்பது பெரிய திட்டமல்ல. கால்வாயைத் தூர் வார வேண்டும், ஆலைக் கழிவைத் தனியே பிரிக்க வேண்டும், குத்தகைக்கும் கூலிக்கும் ஒரு நிச்சயம் வேண்டும். ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொற்பம்.

பண்ணையை இழந்தால் கொல்கத்தா கட்ட வேண்டியிருப்பது அந்த ஆலைகளைத்தான். அதற்குப் பணமும் நிலமும் மின்சாரமும் வேண்டும். வெளியேறும் தண்ணீரில் மீன் வளராது. மதகுக்கு இந்தப் பக்கம் கறுப்பாகவும் அந்தப் பக்கம் பச்சையாகவும் இருக்கும் தண்ணீர் அந்தக் கணக்கை தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது. பைபாஸில் விரையும் கார்களின் கண்ணாடி ஏறியிருப்பதால் பலருக்கு அதன் நெடி மட்டும்தான் தெரிகிறது.